அரக்கு லெஹங்கா, சந்தன நிறக் கவுன்

வரவேற்புக்கு என்ன உடுத்துவது என்று நானும் அம்மாவும் சண்டை போட்டது மொத்தம் பதினோரு நாள். கணக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பன்னிரண்டாம் நாள் அம்மா என்னோடு பேசவே இல்லை. காலையில் கோயிலில் தாலி கட்டும்போது கூறைப்புடவை. அதில் எனக்குப் பேச்சில்லை. அது மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, கொடுத்ததைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் ஹோட்டலில் நடக்கும் வரவேற்புக்கான இரண்டாவது உடை மட்டும்தான் என் இஷ்டம். அந்த ஒன்றிலும் அம்மா மூக்கை நுழைத்தால் கோபம் வராதா.

எனக்கு லெஹங்கா வேண்டும் என்றேன். அரக்கு நிறத்தில், பாவாடை முழுக்கப் பொன் ஜரிகை, மேலே குட்டை ரவிக்கை. நடுவில் இடுப்பு தெரியும்.

"காலையில கோயில்ல பாத்த அதே ஆளுங்கதான் சாயந்தரமும் வருவாங்க," என்றார் அம்மா. "அம்மன் மாதிரி உக்காந்திருந்த புள்ள, இப்ப இடுப்பைக் காட்டிக்கிட்டு நிக்குதுன்னு பேச மாட்டாங்களா?"

"புடவையிலயும் இடுப்பு தெரியத்தானேம்மா செய்யுது."

"அது வேற இடுப்பு."

இதற்கு மேல் என்ன வாதாடுவது. நான் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். இருபத்தெட்டு வயதில் அதைச் செய்ய எனக்கு வெட்கமாகவும் இல்லை. கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தார். அப்பா போனபிறகு அம்மா தனியாக நின்று நடத்தும் ஒரே விசேஷம் என் கல்யாணம். அதில் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்குமா என்று அவரே யோசித்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எங்கள் கல்யாணம் அதற்கு முன்பே ஒரு தடவை முடிந்திருந்தது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈசூனில் எங்களுக்கு அரசாங்க அடுக்குமாடியில் புது வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாவி கையில் கிடைக்கும் நேரத்தில் திருமணச் சான்றிதழ் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இங்கே எல்லா ஜோடிகளும் செய்வது போல நாங்களும் முதலில் பதிவுத் திருமணத்தை முடித்தோம். ஒரு சனிக்கிழமை காலை, பத்து நிமிடம், இரண்டு சாட்சி, இரண்டு மோதிரம், கையெழுத்து, பிறகு சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு. சட்டம் அன்றே என்னை மனைவி என்று சொல்லிவிட்டது. அம்மா சொல்லவில்லை.

"அது வெறும் பேப்பரு," என்றார், சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் நீ என் வீட்டுப் புள்ள. அந்த வீட்ல ஒரு ராத்திரி தங்கக் கூடாது."

பதிவு நடந்தது ஆனியில். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணியில் எங்கள் இருவருக்கும் ஒத்துவருகிற முகூர்த்தம் கிடைக்கவில்லை. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் ஹோட்டல் கிடைக்கவில்லை. கார்த்திகையில் அவனுடைய அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மார்கழி ஆகவே ஆகாது. தையில் வைத்தார்கள். (புருஷனை அவன் என்று எழுதுகிறேனே என்று பார்க்க வேண்டாம். அம்மா முன்னால் அவனை 'நீங்க' என்பேன், லிஃப்ட் கதவு மூடியதும் 'நீ'. இங்கே அம்மா இல்லை.)

அம்மா போட்ட சட்டத்தை நாங்கள் மீறவில்லை. ஒரு ராத்திரிகூட அந்த வீட்டில் தங்கவில்லை. பகலில்தான் போனோம். டைல்ஸ் பார்க்க, பெயிண்ட் பார்க்க, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க. சனிக்கிழமைதோறும் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அம்மாவே டப்பாவில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

ஆவணியிலேயே லெஹங்காவுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கடைத்தொகுதியின் மாடியில் தையல்கார அக்காவின் கடை. அம்மாவுக்கு இருபது வருடப் பழக்கம். அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டேப்பைச் சுற்றி எண்ணை உரக்கச் சொல்வார், கூட வந்தவர்கள் யாராவது அளவு நோட்டில் எழுத வேண்டும். அன்று அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். "இடுப்பு இருபத்தெட்டு," என்று அக்கா கத்தியது பக்கத்து நகைக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணை எழுதினார். இந்த இடுப்பைத்தானே ஊருக்குக் காட்டப் போகிறாய் என்ற பார்வை.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், அலுவலகக் கழிப்பறையில், கர்ப்பம் பார்க்கும் குச்சியில் இரண்டு கோடு வந்தது.

முதலில் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். அந்தச் சந்தோஷம் உண்மை, அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. கை கழுவும்போதுதான் அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மாமா மகளுக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம் என்று சொன்னார்கள். முப்பதாம் நாள் விசேஷத்துக்குப் போன அம்மா, தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். பிறகு, "ஏழு மாசத்துப் புள்ளைக்கு இம்புட்டு முடியா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். மாமா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பெற்ற அத்தைக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போக்குவரத்துக் குறைந்துவிட்டது. அந்த விரல்கள் என் பக்கம் திரும்பினால்? அதைவிட, அத்தை தன் விரலை மடக்கி என் அம்மா முகத்துக்கு நேரே எண்ணினால்?

"சொல்லிடலாம்," என்றான் அவன். "நாம சட்டப்படி புருஷன் பொண்டாட்டி. இதுல என்ன தப்பு?"

"நீயே போய் எங்கம்மாகிட்ட சொல்லு லா. நான் லிஃப்ட்ல நிக்கிறேன்."

அவன் போகவில்லை.

திட்டம் இதுதான். தையில் கல்யாணம் வரும்போது பதினான்கு வாரம் ஆகியிருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் வயிறு யார் கண்ணிலும் படக்கூடாது. அம்மா அன்றைக்குத் தலை நிமிர்ந்து நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட வேண்டும். அதற்கப்புறம் யார் எத்தனை விரல் மடக்கினாலும் மடக்கிக்கொள்ளட்டும். கூறைப்புடவை பிரச்சினையில்லை, புடவை எதையும் மறைக்கும். பிரச்சினை, நான் பட்டினி கிடந்து வாங்கிய அந்த லெஹங்கா.

அதற்கிடையில் மாத்திரை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தேதி குறித்ததும் அம்மாக்கள் பார்ப்பது வேறொரு தேதியை. தீட்டோடு கோயிலில் மணையில் உட்கார முடியாதே. அம்மா சமையலறைக் காலண்டரில் என் நாட்களைப் பென்சிலால் புள்ளி வைத்துப் பல வருடமாகக் கணக்கு வைத்திருந்தார். தீபாவளியன்று நான் சாமி அறைப் பக்கம் போகாமல் ஒதுங்கி நின்றதும் அதில் புள்ளியாக இருந்தது. புள்ளியைத் தாண்டித் தாண்டி எண்ணிப் பார்த்தால் முகூர்த்தம் சரியாக அதன்மேல் வந்து விழுந்தது.

"கிளினிக்ல கேட்டு, தள்ளிப்போற மாத்திரை வாங்கிடு. சீக்கிரமே ஆரம்பிச்சிடு, ரிஸ்க் வேணாம்."

வாங்கினேன், வேறு மாத்திரையை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட். கவரோடு கொண்டுவந்து, இதுதான் அது என்று சொல்லிக் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்தேன். இங்கிலீஷ் பெயரை அம்மா எங்கே படிக்கப் போகிறார் என்ற தைரியம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்பார், "மாத்திரை போட்டியா?" போட்டேம்மா என்பேன். பொய் சொல்லாமலே பொய் சொல்ல எனக்கு நன்றாக வந்துவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் மதிய இடைவேளையில், அம்மாவுக்குத் தெரியாமல், எம்ஆர்டி ரயில் பிடித்து ஃபேரர் பார்க் போனேன். லெஹங்கா தைத்து முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. உள்ளே போய்ப் பாவாடையைக் கட்டிப் பார்த்தேன். இடுப்புக் கொக்கி வளையத்தைத் தொடவே இல்லை, இரண்டு விரல் இடைவெளி. மூச்சை உள்ளே இழுத்தேன், பிறகு பயந்து விட்டுவிட்டேன். உள்ளே இருப்பதை நசுக்கிவிட்டால்?

அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் டேப்பை எடுத்து என் இடுப்பில் சுற்றினார். உரக்கச் சொல்லும் அந்தக் குரலுக்காக நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"எத்தனை வாரம்?"

"பத்து."

"அம்மாவுக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. நான்தான் சட்டப்படி மனைவியாயிற்றே, எதற்கு இப்படித் திருடி மாதிரி நின்றுகொண்டு அழுகிறேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அக்கா ஒரு கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். அளவை நோட்டில் பென்சிலால் எழுதினார். "உங்கம்மா வந்து பாக்கறதுக்குள்ள அழிச்சிடலாம்," என்றார்.

லெஹங்காவைப் பிரித்து விட அதில் துணி இல்லை. கடையில் தைத்துத் தயாராக இருந்தவற்றில் அக்கா ஒன்றைக் காட்டினார். தரை வரை புரளும் நீளக் கவுன். மார்புக்குக் கீழிருந்தே மடிப்பு மடிப்பாக விரிந்து விழும், உள்ளே ஒரு பூசணிக்காயை வைத்தாலும் தெரியாது. நிறம் சந்தனம். எனக்குப் பிடிக்காத நிறம், என்னைச் சோகையாகக் காட்டும் நிறம். நிறம் பார்க்கிற நிலைமையிலா நான் இருந்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். வயிற்றின்மேல் கையை வைத்தேன். பதினோரு நாள் சண்டை போட்டு எடுத்த உடை துணிமாட்டியில் தொங்க, பதினோரு நிமிடத்தில் இன்னொன்றை எடுத்தேன்.

அம்மாவிடம் சொல்லும் வசனத்தை எம்ஆர்டியில் மனப்பாடம் செய்தேன். "லெஹங்கா வேணாம்மா. இடுப்பு தெரியுதுன்னு நீதானே சொன்ன. யோசிச்சுப் பாத்தேன், நீ சொன்னதுதான் சரி."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் அவரிடம் நீ சொன்னதுதான் சரி என்று சொன்னதே இல்லை. கையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். 

"சரி," என்றார். "அந்த லெஹங்காவையும் குடுத்துடாத. இருக்கட்டும்." மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

பொங்கல் முடிந்த வாரம், அலுவலகத்தில் இருக்கும்போது அடிவயிற்றில் வலி வந்தது. கழிப்பறைக்குப் போனேன். இரண்டு கோடு பார்த்த அதே கழிப்பறை. இந்தமுறை இரத்தம்.

மருத்துவமனைக்கு அவன் ஓடி வந்தான். டாக்டர் கருவியை என் வயிற்றில் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தார். போனமுறை பார்த்தபோது அந்தத் திரையில் ஒரு சின்னத் துடிப்பு இருந்தது, எங்களுக்குக் காட்டினார்கள். இந்தமுறை டாக்டர் ஒன்றும் சொல்லாமல் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வாயால் சொன்னதெல்லாம் அப்புறம்தான்.

அந்தத் துடிப்பின் படம் ஒன்றைப் போனமுறை கையில் கொடுத்திருந்தார்கள். அதை நான் அலுவலகத்தில் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தேன், அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று. அவன் எவ்வளவோ சொன்னான், நான் வெச்சிருக்கேன் குடு என்று. கொடுக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மிச்சம் வெளியேற மருந்து கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எந்த வீட்டில்? அம்மாவிடம் டைல்ஸ்காரர் வருகிறார் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் புது வீட்டுக்குப் போனோம். கட்டில் இன்னும் வந்திருக்கவில்லை. தரையில் அட்டைப்பெட்டியை விரித்து, அதன்மேல் துண்டை விரித்துப் படுத்தேன். புதுப் பெயிண்ட் வாடை. அவன் என் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதான். நான் கத்தவில்லை, பக்கத்து வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி குடிவந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. எல்லாம் என்றால் எல்லாமும்தான்.

ராத்திரி தங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே. குளித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஏழு மணிக்கு அம்மா வீட்டுக்குத் திரும்பினேன்.

"டைல்ஸ் ஒட்டியாச்சா?" என்று கேட்டார் அம்மா.

"ஆச்சும்மா."

வயிறு சரியில்லை, வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அம்மா உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, படுக்கைக்கே கொண்டுவந்தார். "கல்யாணப் பொண்ணுக்கு இடுப்பு பலமா இருக்கணும், சாப்பிடு," என்றார். அதற்கடுத்த நாளும் களி. அன்று மாத்திரை போட்டியா என்று அவர் கேட்கவில்லை. கல்யாண வேலையில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இனிமேல் போட்டென்ன, போடாமல் என்ன.

முகூர்த்தம் அதிலிருந்து பத்தாம் நாள். இரத்தம் இன்னும் நிற்கவில்லை. இரண்டு வாரம்கூட இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைனாடவுன் கோயிலில் அம்மன் முன்னால், யாருக்கும் தெரியாமல், அப்படியேதான் மணையில் உட்கார்ந்தேன். அவளுக்குப் பயப்படவில்லை. அவளுக்குத் தெரியாததா. என் கோபமெல்லாம் நாதஸ்வரத்தின் மேல் இருந்தது, எதற்கு இவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறார்கள் என்று. தாலி ஏறியது. அம்மா கூட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். தலை நிமிர்ந்துதான் நின்றார். நான் நினைத்தது நடந்துவிட்டது. இதற்காகத்தான் எல்லாம்.

மதியத்துக்குமேல் ஹோட்டல் அறை. அலங்காரம் செய்யும் பெண் நான்கு மணிக்கு வருவாள். சந்தன நிறக் கவுன் அலமாரிக் கதவில் தொங்கியது. தனியாக இருக்கும்போதே போட்டுப் பார்த்துவிடலாம் என்று போட்டேன். முன்பக்கத்து மடிப்புகள் நிரப்ப எதுவும் இல்லாமல் தொளதொளவென்று தொங்கின. வயிறு வருமே என்று எடுத்த துணி. நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, திரும்பி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். இரண்டு வெள்ளிக்காசு அகலத்துக்குச் சிவப்பு.

கழற்றி, கழுவும் தொட்டியில் போட்டுத் தேய்த்தேன். ஹோட்டல் சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். சிவப்பு பழுப்பாகிப் பரவியதே தவிர போகவில்லை. நானூறு பேர் வரப்போகிறார்கள், இந்த ஒன்றைத் தவிர வரவேற்புக்கு உடுத்த எதுவும் இல்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்தபடி அவனுக்கு போன் போட்டேன்.

"நான் வரல."

"எங்க வரல?"

"கீழ. வரவேற்புக்கு. எல்லாரையும் சாப்பிடச் சொல்லி அனுப்பிடு. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு, செத்துட்டேன்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. என்னால முடியல."

அவன் வருகிறேன் என்றான். அதற்குள் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அம்மா, கையில் தையல்கடைப் பை.

துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி, குளியலறைத் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொங்கிய கவுனைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பொய்கூட மிச்சமில்லை என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, பையிலிருந்து அரக்கு லெஹங்காவை எடுத்துக் கட்டில்மேல் விரித்தார்.

"அக்காகிட்ட வியாழக்கிழமையே வாங்கிட்டு வந்துட்டேன்," என்றார். "இதையே போட்டுக்கோ. இப்ப சரியா இருக்கும்."

 அம்மாவே பாவாடையைக் கட்டிவிட்டார். கொக்கி, போன மாதம் வளையத்தைத் தொடாத அந்தக் கொக்கி, சிரமமே இல்லாமல் போய் மாட்டிக்கொண்டது. சரியாக இருப்பது மட்டுமில்லை, ஒரு விரல் தளர்ச்சி. "கொஞ்சம் லூசாக்கூட இருக்கு," என்று அம்மா முணுமுணுத்தார். ஊக்கு எடுத்து மடித்துக் குத்தினார். குத்தி முடித்தபிறகும் அவர் கை என் வெறும் இடுப்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அடர்ந்த நிறம், எது பட்டாலும் தெரியாது. அம்மா அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. பாவி, அந்தக் கண்ணாடியில் நான் அழகாக வேறு இருந்தேன்.

கீழே மேடையில் மூன்று மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆசீர்வாதத்தைத்தான் சொன்னார்கள். "அடுத்த தைக்குள்ள நல்ல சேதி சொல்லணும்." சிரித்தேன். ஒரு சித்தி என் இடுப்பில் செல்லமாகத் தட்டினார். "இடுப்பைப் பாரேன், இம்புட்டுக்காணு. ஒண்ணு பெத்துட்டா எல்லாம் போயிடும். இப்பவே போட்டோ எடுத்து வெச்சுக்கோடி."

எங்கிருந்தோ அம்மா வந்தார். சித்தியின் கையை என் இடுப்பிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டார். "வா, சாப்பிட வா, பிரியாணி ஆறிடும்," என்று அழைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு பார்த்தபோது மாமா மகளின் ஐந்து வயதுப் பெண்ணை மடியில் வைத்து அவளுக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமாம். சிங்கப்பூரில் எந்த மாதம் சித்திரை இல்லை என்று யாராவது சொல்லுங்கள். நான்கு பிளாக் தள்ளியிருக்கும் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போக அம்மா வெற்றிலை பாக்கோடு வந்தார். அவன் வேலைக்குப் போயிருந்தான். என் துணிகளை எடுத்து வைக்கிறேன் என்று அலமாரியைத் திறந்தவர், உள்ளே ஓரமாகத் தொங்கிய ஜிப் போட்ட கவரைப் பார்த்தார். திறந்தார். கவுனின் உள்பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பழுப்பு அப்படியேதான் இருந்தது.

கவுனோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, விரலை மடக்க ஆரம்பித்தார்.

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி..."

 எந்த விரல்களுக்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அந்த விரல்கள். 

"...வைகாசி, ஆனி, ஆடி." பத்து விரலும் மடங்கியிருந்தன. "இந்த மாசந்தானே?"

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"தீபாவளிக்கு அப்புறம் பாத்ரூம்ல அந்த பாக்கெட்டப் பிரிக்கவே இல்லையே. நான்தானே வாங்கி வெக்கிறேன்." அம்மா கவுனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாத்திரைக் கவரை எடுத்துக்கிட்டுப் போய்க் கீழ கிளினிக்ல காட்டுனேன். இது புள்ளத்தாச்சிக்குக் குடுக்கிறதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் மாத்திரை போட்டியா போட்டியான்னு கேட்டியா?"

"பின்ன? நீ மறந்துட்டின்னா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அட்டைப்பெட்டி விரித்திருந்த அதே இடம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா. தனியா கெடந்தேம்மா நான்."

"எந்த வாயால கேக்கச் சொல்ற. உன் மாமா மகளப் பேசுன வாயி இது." அம்மா கறையை விரலால் தடவினார். "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். குப்பையைக் கட்டிப் போடும்போதுதான் அதுவும் போயிடுச்சுன்னு தெரிஞ்சது. அப்பவும் நீ சொல்லல. நான் அப்படி வெச்சிருந்திருக்கேன் உன்னை."

இருவரும் அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவுனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வேலை செய்தால்தான் அம்மாவுக்கு அழுகை நிற்கும்.

"உப்புத் தண்ணியில ஊற வெச்சா இந்தக் கறை போயிடும். இரு, வாளியில போடுறேன்."

"வேணாம்மா."

"புதுத் துணி. ஒரு தடவகூட நீ போடல."

"வேணாம்மா, விடு. அது ஒண்ணுதான் இருக்கு."

 அம்மா கவுனைக் கவருக்குள் வைத்து, ஜிப்பை மேலே வரை இழுத்து, லெஹங்காவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.